திருமூர்த்தி கால்

நிஜாமுதீன் பாய் சாவியை மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, புது வண்டி மைலேஜ் விழுந்துருச்சு. லிட்டருக்கு இருபத்திநாலு குடுத்திட்டிருந்தது, இப்ப இருபதைத் தாண்ட மாட்டேங்குது. நான் எல்லாம் பாத்துட்டேன். மூர்த்தி கால்லதான் ஏதோ கோளாறு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் சாவியைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டியிருப்பேன். பாய் பழகியவர். கோயமுத்தூர் பொள்ளாச்சி சாலையில் இரண்டு டாக்ஸி வைத்திருக்கிறார். பழையதை அவர் ஓட்டுகிறார், புதியதை அவருடைய அண்ணன் மகன் ஓட்டுகிறான். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"பாய், டயர்ல கோளாறு இருக்கும். பெட்ரோல்ல இருக்கும். உங்க அண்ணன் மகன் ஓட்டுற ஓட்டுல இருக்கும். எங்க வீட்டுக்காரர் கால்ல மட்டும் இருக்காதுங்க."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்," என்றார் பாய் பாவமாக. "போன பதிவு ஏத்துனதுல இருந்துதான் இப்படி. சும்மா பாரு தங்கச்சி. கோவிச்சுக்காதே."

கால் என்றால் என்னவென்று இன்றைக்கு யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கதை அதில்தான் இருக்கிறது. மின்சார வண்டி வாங்க வசதியிருந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். மீதிப்பேருக்கு இருக்கிற பெட்ரோலை அரசாங்கம் அட்டை போட்டு அளந்து ஊற்றியது. ஒரு டாக்ஸிக்கு மாதத்துக்கு இவ்வளவு லிட்டர்தான், தீர்ந்துவிட்டால் வண்டி ஷெட்டில் நிற்கவேண்டியதுதான். அந்த நெருக்கடியில்தான் கார் கம்பெனி ஒன்று பெடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. சிக்கனமாக ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு சாலையில் ஓட்டவிடுவார்கள். எங்கே மிதிக்கிறார், எங்கே காலை எடுக்கிறார், எவ்வளவு மெதுவாக எடுக்கிறார் என்று எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவை மற்ற வண்டிகளில் ஏற்றிவிட்டால், ஓட்டுகிறவரின் உள்ளங்காலைப் பெடல் லேசாகத் தள்ளும்: போதும், எடு என்று. மிதிக்கவேண்டிய இடத்தில் இளகிக்கொடுக்கும். அந்தப் பதிவுக்குத்தான் கால் என்று பெயர் வந்தது. எங்கள் பக்கத்தில் கார் வாங்கப் போகிறவர்கள் கலரைக் கேட்பதற்கு முன்னால் யார் கால் என்று கேட்பார்கள். பாதிப்பேருக்கு மேல் வேண்டுவது திருமூர்த்தி கால்.

திருமூர்த்தி என் கணவர். பொள்ளாச்சியிலிருந்து இளநீர் லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். எவ்வளவு பெரிய லோடாக இருந்தாலும் ஒரு காய்கூட உருளாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று மண்டியில் பேர். கம்பெனிக்காரர்கள் எத்தனையோ டிரைவர்களை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இவர் கிட்டத்தில்கூட ஒருவரும் வரவில்லை. நான் பாலிடெக்னிக் படித்தவள். கிணத்துக்கடவில் சாலையோரமாக, மைலேஜ் மட்டும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அவ்வப்போது புதுப்பதிவுக்காக அவர் ஓட்டுவார், நான் பதிவைப் பார்த்துச் சரிசெய்து கம்பெனிக்கு அனுப்புவேன். இரண்டு பேருக்கும் ஒத்துப்போன தொழில். வீட்டில் அவ்வளவாக ஒத்துப்போகாது. நான் கத்துவேன், அவர் சிரிப்பார். அதற்கும் சேர்த்துக் கத்துவேன்.

அவருடைய காலில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் பதிவு முடிந்ததும் கம்பெனி இன்ஜினியர்கள் குழம்பிப்போனார்கள். ஈச்சனாரி வரும்போது சிக்னல் இல்லை, வேகத்தடை இல்லை, முன்னால் வண்டியும் இல்லை. ஆனாலும் கால் ஒரு நொடி எழுந்து மறுபடி இறங்கியிருந்தது. ஏன் என்று கேட்டார்கள்.

"அங்க பிள்ளையார் இருக்காருங்க," என்றார் இவர்.

பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது அவருடைய கை ஸ்டியரிங்கை விட்டு நெஞ்சைத் தொடும். கை போனால் கால் எழும். எத்தனை வருடப் பழக்கமோ. கம்பெனிக்காரர்கள் சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சாலையில் ஓடுகிற அத்தனை வண்டிகளும் ஈச்சனாரியில் ஒரு நொடி தளர்ந்துதான் போகும். பாய் வண்டியும்தான். "பள்ளிவாசலைத் தாண்டுறப்பகூட நான் காலை எடுக்கமாட்டேன். என் வண்டி பிள்ளையாருக்கு மரியாதை குடுக்குது பாருங்க," என்று சவாரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட காலைத்தான் அன்றைக்குக் கோளாறு என்றார்.

நான் வரிசையாகப் பார்த்தேன். டயரில் காற்று சரியாக இருந்தது. ஏர் ஃபில்டர் சுத்தம். ஜாக்கி போட்டுத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிவிட்டேன். பிரேக் எதிலும் பிடிக்கவில்லை, சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது. இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். பெட்ரோலில் கலப்படமோ என்று வேறு பங்க்கில் போடச் சொன்னேன். டேங்கை வழிய நிரப்பி, பொள்ளாச்சி போய் வந்து, மறுபடி நிரப்பிப் பார்த்தோம். அதே இருபது.

கடைசியில், மனசே இல்லாமல், புது வண்டியில் இருந்த காலை அழித்துவிட்டுப் பாயின் பழைய வண்டியில் இருந்த காலை ஏற்றினேன். பழைய மாடல்களுக்குப் புதுப்பதிவு அனுப்புவதைக் கம்பெனி நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. அதனால் அதில் இருந்தது அவருடைய பழைய கால். மறுநாள் பாய் போன் செய்தார். மைலேஜ் திரும்ப வந்துவிட்டது.

சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கம்பெனியின் கோயமுத்தூர் அலுவலகத்தில் பிரணேஷ் என்று ஒரு பையன் இருந்தான். மரியாதையான பையன், என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். அவனுக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்க மேடம், போன பதிவு போட்ட எல்லா வண்டியிலயும் கம்ப்ளெயின்ட் வருது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்று இழுத்தான். "கோயில் விஷயமாத்தான் இருக்கும்னு நெனைக்கிறோம். காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சா பெட்ரோல் வீண்தானுங்களே. போன தடவையே அத நிறுத்தச் சொல்லி சார்கிட்டச் சொல்லியிருந்தோம்."

"ஒரு நொடிக் கும்பிட்டா நாலு கிலோமீட்டர் போயிருமா? யாருப்பா உனக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

வைத்துவிட்டுத் திரையில் இரண்டு பதிவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டேன். பழைய கோடு ஈச்சனாரியில் சின்னக் குழியாக இறங்கி ஏறியது. புதிய கோடு நேராகப் போயிற்று. குழியே இல்லை. அனுப்பும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. அட, மனுஷன் நிறுத்திவிட்டாரே என்று நினைத்தேன். எனக்குச் சாமி பக்தியெல்லாம் அதிகம் கிடையாது. ஆனாலும் யாரோ ஒரு கம்பெனிக்காரன் சொன்னான் என்று அவர் பிள்ளையாரை விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் சாப்பாடு போடும்போது வம்புக்கு இழுத்தேன்.

"ஏனுங்க மாமா, சம்பளம் குடுக்கறவன் சொன்னா பிள்ளையாரையே கை கழுவிருவீங்களா? நாளைக்கு என்னையும் விட்டுரச் சொன்னா விட்டுருவீங்க போல."

"என்ன அம்மிணி சொல்ற?"

"ஈச்சனாரியில கும்பிடறத நிறுத்திட்டீங்களாமே."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தார். "அந்தப் பையன் சொன்னான். சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். நான் எங்க நிறுத்துனேன்? பதிவு அன்னைக்கும் கும்பிட்டுட்டுத்தான் போனேன். இன்னைக்குக் காலையிலகூடக் கும்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

"கையெடுத்துக் கும்பிட்டிருப்பீங்க. காலை எடுக்கல."

"காலும்தான் எடுத்தேன். அது தானா வர்றதுதானே."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சாப்ட்டதும் ஒரு எட்டுப் போய்ட்டு வரலாமுங்களா?" என்று கேட்டேன்.

எங்கள் காரில்தான் போனோம், அதில் யார் காலும் ஏற்றியதில்லை. அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். புதுச் செருப்பு. ஒரு வருடத்தில் அது மூன்றாவதோ நான்காவதோ. வலதுகால் செருப்பு முனையிலேயே தேய்ந்து போகிறது என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் அடிக்கடி தடுக்கும். பார்த்து நடங்க, கண்ணு எங்க போகுது என்று நானும் திட்டுவேன். இதெல்லாம் தனித்தனியாகத்தான் தெரிந்திருந்தது. காரில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றாகச் சேர ஆரம்பித்தது.

மலுமிச்சம்பட்டி தாண்டி ஈச்சனாரி வந்தது. அவர் கை ஸ்டியரிங்கை விட்டு நெஞ்சுக்குப் போயிற்று. உதடு அசைந்தது. கால் எழவில்லை. பெடல்மேல் அப்படியே தட்டையாகக் கிடந்தது. கார் கொஞ்சமும் தளரவில்லை.

"பாத்தியா, எடுத்தேனா?" என்றார் திரும்பி.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் குனிந்து பார்த்தார். காரை ஓரமாக நிறுத்தினார். நிறுத்தும்போதுதான் கவனித்தேன், பெடலிலிருந்து பிரேக்குக்குப் பாதத்தைத் தூக்கிவைக்கவில்லை. தொடையோடு காலை நகர்த்தி இழுத்துவைத்தார். அப்படி ஓட்டப் பழகியிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

"எடுத்த மாதிரிதான் இருந்துச்சு, அம்மிணி," என்றார்.

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அதில் பல வண்டிகள் அந்த இடம் வந்ததும் லேசாகத் தளர்ந்து மறுபடி வேகமெடுத்தன. எல்லாம் அவருடைய பழைய கால்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். நிறையச் சோதனைகள் செய்தார், ஊசியைத் தசையில் குத்திக் கரண்ட் பார்த்தார். கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பாதத்தைத் தூக்கணும்னா மூளையில இருந்து உத்தரவு வரணும். அந்த உத்தரவைக் கொண்டு வர்ற நரம்பு ஒவ்வொண்ணா செத்துட்டு வருது. இப்ப ஒரு பாதத்துலதான் இருக்கு. அப்புறம் அடுத்த கால், கை, பேச்சுன்னு பரவும். கடைசியில மூச்சு. அறிவு மட்டும் கடைசி வரைக்கும் நல்லாவே இருக்கும்."

"நல்லதுக்கா அது, கெட்டதுக்கா?" என்று கேட்டார் இவர்.

நான் கொண்டுபோயிருந்த பதிவுகளைக் காட்டினேன். ஒவ்வொரு பதிவாகப் பின்னால் போகப்போக, சிக்னலுக்கு முன்னால் கால் எழுகிற நேரம் தெரிந்தது. போன பதிவில் நன்றாகவே தாமதம், மைலேஜைத் தின்றது அதுதான். அதற்கு முந்தியதில் கொஞ்சம். அதற்கும் முந்தியதில் தலைமயிர் அளவு. டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரத்துல இந்த வியாதியோட யாரும் எங்கிட்ட வந்ததில்லைங்க. எல்லாரும் கீழ விழுந்து அடிபட்டபிறகுதான் வருவாங்க," என்றார்.

எனக்குள் ஏதோ துள்ளியது. "அப்ப சரி பண்ணிரலாமுங்களா?"

"இல்லைங்க."

"சீக்கிரமா கண்டுபுடிச்சுட்டோம்கறீங்களே."

"சீக்கிரமா தெரிஞ்சுக்கிட்டோம். அவ்வளவுதாங்க," என்றார் டாக்டர். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உதறிவிட்டேன். பிறகு அதற்காக வருத்தப்பட்டேன், அவர் என்ன செய்வார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒர்க்‌ஷாப் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். அவர் வெளியிலிருந்து தட்டினார். "அம்மிணி, ஒரு விஷயம் சொல்றேன், தெற. இந்தக் கால் போனா என்ன? ஊருக்குள்ள எத்தனை ஆயிரம் கால் ஓடுது எனக்கு. நான் செத்தாலும் ஈச்சனாரி போய்க் கும்பிட்டுட்டுத்தான் இருப்பேன்." அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அடுத்த சில மாதங்களை ஓட்டினார். கம்பு ஊன்றி நடந்தபோதும் சொன்னார். கம்பு போய்ச் சக்கர நாற்காலி வந்தபோதும் வருகிறவர்களிடம் அதையே சொன்னார். சாயங்காலத்தில் அவரைச் சாலையோரமாகக் கொண்டுபோய் விடுவேன். போகிற வண்டிகளைப் பார்த்து, "இது நானு. இது நான் இல்ல. இது நானு," என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

போன பதிவில் கோளாறு இருக்கிறது, எல்லா வண்டியிலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு நான்தான் எழுதினேன். சும்மா இருக்கமுடியுமா? பாவம், டாக்ஸிக்காரர்கள் பெட்ரோல் தீர்ந்து மாதக் கடைசியில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் என்ன என்று கேட்டார்கள், காரணத்தையும் எழுதினேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரு மனிதருடைய வியாதியைப் பெடல் முன்கூட்டியே சொல்கிறது என்றால் எல்லோருடைய வியாதியையும் சொல்லுமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவர் காலையும் பார்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் தாமதம் தெரிந்தால் போதும், டாக்டர் சான்றிதழ் கொண்டுவா, இல்லாவிட்டால் பெட்ரோல் அட்டை கிடையாது என்று செய்தி வந்துவிடும்.

சூலூரிலிருந்து தேவசகாயம் என்று ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "அக்கா, எனக்குச் சக்கரைதான், வேற ஒண்ணுமில்ல. கால் கொஞ்சம் மரத்துப்போகும். அது அவங்களுக்குத் தெரியாம மறைக்க முடியுமா?" என்று கேட்டார். வேனில் குழந்தைகள் போகிறார்களே என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். அவரை எந்த முகத்தோடு திட்டுவது? அவருக்குச் சோறு போட்டு அனுப்பினேன். அதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊரில் டிரைவர்கள் என் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது வேகமாகப் போக ஆரம்பித்தார்கள்.

பிறகு பிரணேஷ் நேரில் வந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"மேடம், திருமூர்த்தி சார் காலை எல்லா வண்டியில இருந்தும் எடுக்கச் சொல்லிட்டாங்க."

"போன பதிவுதானே?"

"எல்லாப் பதிவும் மேடம். பழசும்தான். வியாதி எப்ப ஆரம்பிச்சதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதாம். நாளைக்கு ஏதாவது விபத்துன்னா, வியாதிக்காரர் காலைப் போட்டு வித்தீங்கன்னு கேஸ் வருமாம்."

"அதுக்குப் பதிலா யார் காலைப் போடப்போறீங்க?"

"யாருதும் இல்லைங்க. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு ஒரு கால் செஞ்சிருக்கு. மைலேஜ் நல்லாத்தான் வருது. புது வண்டிக்கெல்லாம் ஆபீஸ்ல இருந்தே மாத்திருவோம். பழைய வண்டிங்களை மட்டும் ஒர்க்‌ஷாப்லதான் மாத்தணும். மாத்தாத வண்டிக்கு அட்டை வேலை செய்யாது." டம்ளரைக் கீழே வைத்தான். "சாரைப் பாக்கணும் மேடம். ஆனா பாக்கற தைரியம் இல்ல."

உள்ளேயிருந்து அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்போதே பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. எனக்கு மட்டும் முழுதாகப் புரியும். பிரணேஷ் போனபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வேற யாரும் தொடவேண்டாம், அம்மிணி. நீயே அழிச்சுரு."

"என்னால ஆகாதுங்க மாமா. வேற என்ன வேணாலும் சொல்லுங்க."

"நீ திட்டிக்கிட்டே செய்வ. அது கேட்டுட்டு இருந்தா எனக்குப் போதும்."

பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவரை நாற்காலியோடு ஒர்க்‌ஷாப்பில் உட்காரவைத்துக்கொண்டுதான் செய்தேன். பெடலுக்கடியில் வயரைச் சொருகி, திரையில் அவர் பெயரைத் தொட்டு, அழி என்று அமுக்கவேண்டும். கம்பெனியைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன், பிள்ளையாரையும் விடவில்லை. அவர் ஒரு பக்கமாகக் கோணிய வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். வண்டி கொண்டுவந்தவர்களில் சிலர் அவர் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தது பாயின் பழைய வண்டி.

"இது வேண்டாம் தங்கச்சி. நான் அட்டை இல்லாமலே பாத்துக்கறேன்," என்றார் பாய்.

"பெட்ரோல் இல்லாம தள்ளிக்கிட்டே போவீங்களா? வயசென்ன ஆகுது உங்களுக்கு? இறங்குங்க பாய்," என்றேன். இறங்கினார். அழித்தேன். அவ்வளவுதான், இனி சாலையில் இவர் இல்லை. அன்று சாயங்காலம் சாலையோரம் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குச் சளி கட்டிக்கொண்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னபோது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. பேச்சு முழுதாக நின்றுபோயிருந்தது. கண் மட்டும்தான் பேசும். இந்த முறை டாக்டர் கையைப் பிடித்தபோது நான் உதறவில்லை.

பாய்தான் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் தலையணை வைத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். காலைநேரம், தூறல் விட்டிருந்தது. மௌனத்தைப் பாயால் தாங்க முடியாது, ஏதாவது பேசவேண்டும் அவருக்கு.

"தங்கச்சி, இந்த வண்டியும் மைலேஜ் கொஞ்சம் கம்மியாத்தான் குடுக்குது. அந்தக் கணக்குக் காலை ஏத்துனதுல இருந்தே. மத்தவங்களுக்கெல்லாம் நல்லா வருதாம். எனக்குத்தான் வரமாட்டேங்குது."

"காத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஃபில்டரும் மாத்திட்டேன்."

"சரி, நாளைக்குக் கொண்டாங்க. பாக்கறேன்," என்றேன். என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுந்தராபுரம் தாண்டியது. அடுத்து ஈச்சனாரி. முன்னால் சாலை காலியாகத்தான் இருந்தது.

கார் லேசாகத் தளர்ந்தது. ஒரு நொடி. பிறகு மறுபடி வேகமெடுத்தது.

எனக்குப் பிரமை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருடைய கண் அகலமாகத் திறந்திருந்தது. முதுகை வைத்தே வண்டியைப் படிக்கிற மனிதர், அவருக்குப் பிரமை வராது. என்னைப் பார்த்தார். பாயின் முதுகைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

எனக்குப் பழைய கோபம் வந்தது. "பாய், உண்மையச் சொல்லுங்க. யார்கிட்டயாவது குடுத்து இவர் காலை மறுபடி ஏத்திட்டீங்களா? கண்டுபுடிச்சா அட்டையை முடக்கிருவாங்க, தெரியுமில்ல?"

"அல்லா மேல ஆணை, இல்ல தங்கச்சி. நீ அழிச்சதுக்கப்புறம் வேற ஒரு ஆளு இந்த வண்டியத் தொடல."

"அப்புறம் எப்படி ஈச்சனாரியில பெடல் தூக்குச்சு?"

"பெடல் தூக்கலையே. மிதி மிதின்னுதான் சொல்லுச்சு."

"நீங்க காலை எடுத்தீங்களே பாய்."

"நானா?" என்றார் பாய். வண்டியை ஓரம்கட்டினார். குனிந்து தன் காலைப் பார்த்தார். அன்றைக்கு இவர் தன் காலைக் குனிந்து பார்த்தது போலவே பார்த்தார். "எடுத்தனா? எனக்குத் தெரியலையே. இங்க வந்தா மட்டும் பெடலோட என்னமோ மல்லுக்கட்டற மாதிரி இருக்கும். தினமும் இருக்கும். பெடல்லதான் கோளாறுன்னு நெனைச்சிட்டிருந்தேன்."

எத்தனை வருடம் அந்தப் பெடல் அவருடைய உள்ளங்காலைத் தள்ளியிருக்கிறது, இந்த இடத்தில் எடு, இந்த இடத்தில் எடு என்று. பெடலிலிருந்து அதை நான் அழித்துவிட்டேன். பாய் அதைக் காலில் வைத்துக்கொண்டு தினமும் போய்வந்துகொண்டிருக்கிறார், தனக்கே தெரியாமல். இந்தச் சாலையில் பாய் மட்டுமா அப்படி?

இவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். மறுபடி வழிந்தது. அது அழுகை மாதிரி இல்லை. சாலையோரத்தில் உட்கார்ந்து "இது நானு" என்று சொன்ன முகம் அது. பக்கத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு பால் வண்டி எங்களைத் தாண்டும்போது லேசாகத் தளர்ந்து போயிற்று. இவர் அதையும் கண்ணால் தொடர்ந்தார்.

"அதனாலதான் மைலேஜ் வரலையா தங்கச்சி?" என்று கேட்டார் பாய். "அப்ப என் காலைத்தான் சரிபண்ணணும் போல. எப்படிப் பண்றது?"

"ஒண்ணும் பண்ணவேண்டாம் பாய். நாளைக்கு வண்டி கொண்டாரவேண்டாம். எடுங்க, போலாம்," என்றேன்.

பாய் வண்டியை எடுத்தார். நான் இவருடைய வலது கையைத் தூக்கினேன். கனமே இல்லை. அதை அவருடைய நெஞ்சின்மேல் வைத்து, நழுவாமல் என் கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டேன். கிணத்துக்கடவு வரும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தேன்.